பெல்மிரோ சொல்லும் கதையில் யாரும் மூழ்குவதில்லை

சட்டிக்குள் கரண்டி போடுகிறவனை, மத்திப் படகில் சமைக்கும் பெல்மிரோ சமையல்காரன் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். அடியில் வெங்காயம், மேலே உருளைக்கிழங்கு, தக்காளி, அதற்கும் மேலே திருக்கையும் விலாங்கும் நாலைந்து மத்தியும். ஆலிவ் எண்ணெயைக் கை கூசாமல் ஊற்றி மூடிவிட்டு, வெந்து வரும்போது சட்டியின் இரண்டு காதுகளையும் துணியால் பிடித்து ஒரு குலுக்கு. அவ்வளவுதான் கல்தெய்ராதா. கிளறினால் மீன் உடைந்துவிடும் என்பது அவர் கட்சி. போர்ச்சுகலின் பெனிஷ் துறைமுகத்தில் மத்தியை இறக்கிய கையோடு, படகிலுள்ள பன்னிரண்டு பேரில் ஒருவர் தவிர எல்லோரும் அந்த ஒரே சட்டியைச் சுற்றி உட்காருவார்கள்.

வயது ஐம்பத்தெட்டு. சமையலுக்குக் கட்டும் இடுப்புத்துணியின் பையில் எந்நேரமும் ஒரு தடித்த பழைய நாவல். அவர் திருப்பித் தரும் புத்தகங்களை நூலகத்து லுசீலியா தனி அலமாரியில் வைத்துவிட்டாள். அந்த மீன் வாடையோடு படிக்க வேறு யாரும் சம்மதிக்கவில்லையாம்.

நூறு வருஷத்துக்கு முந்தி எழுதியவர்கள்தான் அவருக்கு எழுத்தாளர்கள். உப்பில் கிடந்து பலகையாய் இறுகிய பக்கல்யாவ் மீனோடுதான் அவர்களைச் சேர்ப்பார். “ரெண்டு நாளு ஊறப்போட்டு, தண்ணிய மாத்தி மாத்தித்தான் திங்கணும். அவசரப்பட்டா பல்லுதான் போகும்” என்பார். நம் கடலில் கிடைக்காத அந்த மீனைத் தலையில் வைத்து ஆடுகிறோமே, வாசலில் வந்து விழும் மத்திக்கு ஜூன் மாதத் திருவிழாவில் மட்டும்தானே மரியாதை என்று ஒரு பாட்டம் புலம்பவும் செய்வார். எழுநூறு பக்கம் எழுதியும் ஒருத்தரையாவது சாப்பிட உட்காரவைக்காத ஆசிரியருக்கு அவரிடம் மதிப்பே இல்லை. விருந்தை எழுதத் தெரிந்தவனுக்கு மற்ற குற்றமெல்லாம் மன்னிப்பு.

மே மாதம் தொடங்கி மத்திப் பருவம் முடிகிறவரை ஒரு நாவல். தினம் சாப்பாட்டோடு ஒரு பங்கு கதை. மறுநாளுக்கு வேண்டியதை மட்டும் படிப்பார். முன்கூட்டிப் படித்து வைத்தால் கதையும் மீன்போலக் கெட்டுவிடுமாம். இன்னொரு விதியும் உண்டு. “ஊருக்குள்ள ஒக்காந்து எழுதுறவன், ஒருத்தனத் தீத்துக்கட்டணும்னா ஒடனே கடல்ல தள்ளிருவான். அவன் கடலக் கண்டானா, கரையக் கண்டானா?” ஆகவே பெல்மிரோ சொல்லும்போது மூழ்கவேண்டியவன் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு எங்காவது கரையேறுவான். கேட்பவர்களுக்கும் இது தெரியும். கடலுக்கு ஆள் கொடுக்காத வீடு அவர்களில் யாருக்கும் இல்லை, அதனால் ஒருவரும் ஆட்சேபிப்பதில்லை.

வலை இழுக்கும் எந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் கிரசியானோவின் மகன் இலீதியோ போன படகு, நான்கு வருஷத்துக்கு முன் துறைமுக வாயிலேயே உடைந்தது. மூன்று உடல்கள் ஒதுங்கின. இலீதியோ மட்டும் வரவில்லை. அன்றிலிருந்து கிரசியானோ சட்டிப் பக்கம் வந்ததில்லை. மீனை இறக்கியதும் போய்விடுவார். இந்த மே மாதம் கதையில் ஒரு மாலுமிப் பையன் வந்தான். கயிறு சுற்றுகிற சாக்கில் நின்று கேட்ட கிரசியானோ, மறுநாள் தட்டோடு வந்து உட்கார்ந்தார். பெல்மிரோவுக்குத் தலைகால் புரியவில்லை. திருக்கையின் நல்ல துண்டாகப் பார்த்து அவர் தட்டில் போட்டுக்கொண்டே இருந்தார்.

செப்டம்பரில் அந்தப் பையன் மூழ்கினான். புத்தகத்தில் அதற்கு ஒரே ஒரு வரி.

முன்னாடியே பார்த்திருந்தால் இந்தப் புத்தகத்தைத் தொட்டே இருக்க மாட்டேனே என்று பெல்மிரோ மனம் நொந்தார். கதையை ஜவ்வாய் இழுத்தார். நாவலில் அரைப் பக்கம் வரும் கல்யாண விருந்தை ஆறு நாள் பரிமாறினார். முட்டை இனிப்புகளுக்கே ஒரு நாள் ஆயிற்று. இந்த வருஷத்துக்கு அரசு அனுமதித்த அளவைப் பிடித்தாகிவிட்டது, நாளையிலிருந்து மத்தி கிடையாது என்று சேதி வந்தபோது, இழுக்கவும் நாளில்லை. அன்றைக்குப் பெல்மிரோ கரண்டியால் சட்டியைக் கிளறிவிட்டார். மீன் தூள்தூளாகிக் கிடந்தது.

கிரசியானோ தட்டைக் கீழே வைத்தார்.

“பலகை கிலகையெல்லாம் வேணாம், பெல்மிரோ. உள்ளதச் சொல்லு. அந்தப் பய வந்தானா?”

மொராக்கோ மீனவர்கள் தூக்கிக் காப்பாற்றியதாக ஒரு பொய் ஜோடித்து வைத்திருந்தார் பெல்மிரோ. அது வாயில் வரவில்லை.

“வரல, அண்ணே.”

“ஒடம்பு?”

“அதும் கெடைக்கல.”

இனி இந்த மனுஷன் எழுந்து போய்விடுவார், திரும்ப இந்தச் சட்டிப் பக்கம் வரவே மாட்டார் என்று பெல்மிரோ நினைத்தார். கிரசியானோ எழவில்லை.

“அவன் அப்பன் என்ன பண்ணான்?”

பெல்மிரோ மனசுக்குள் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். அந்த வரிக்கு அப்புறம் கடைசிவரை தேடிப் படித்த முப்பது பக்கமும் பெரிய வீட்டுச் சொத்துத் தகராறுதான். அப்பா எங்கேயுமே இல்லை.

“அத எழுதல, அண்ணே.”

“எழுதியிருக்க மாட்டான்.” கிரசியானோ அலைத்தடுப்புச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நான் சொல்றேன். மொத வருஷம் அவன் தெனமும் விடிஞ்சதும் பாறைக்குப் போனான். பொண்டாட்டிகிட்ட ரொட்டி வாங்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனான்...”

பெல்மிரோ அடுப்பை அணைத்தார். புத்தகத்தைச் சத்தமில்லாமல் மூடி ஓரமாக வைத்துவிட்டு, கதை கேட்கிறவர்களோடு தானும் ஒருவராகத் தரையில் உட்கார்ந்தார்.