காசியம்மாள் எழுதச் சொன்ன பிராது

சஷ்டி விரதம் நான் விடுவதில்லை. அன்றைக்கெல்லாம் காசியம்மாள் அக்கா, கருவாட்டுக் குழம்பு வாசம் எனக்கு வரக்கூடாது என்று தூக்குவாளியைச் சூளைக்குப் பின்னால் கொண்டுபோய் நின்றபடியே சாப்பிடும். இரண்டு வருஷம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது.

விருத்தாசலம் செராமிக் பட்டறையில் கப்பு பளபளக்க கிளேஸ் கரைசலில் முக்கியெடுப்பது எங்கள் வேலை. அக்கா விரலை விட்டே பதம் சொல்லிவிடும். நல்லூர்ப் பக்கம் அதற்கு அரை ஏக்கரில் மல்லாட்டை, வேர்க்கடலைதான். புருஷன் போனபிறகு அதுதான் துணை.

2006இல் இலையில் புள்ளி விழுந்தது. பூச்சிமருந்துக் கடையில் அளவு கேட்டது அக்கா.

"கெட்டியா கலக்கும்மா. இலை வெள்ளையா தெரியணும்" என்றான் கடைக்காரன். அவ்வளவுதான்.

அக்கா கரைத்த மருந்தில் விரலை விட்டுப் பார்த்தது. கப்புக்கு ஏறுகிற பதம். மூன்று முறை அடித்தது. புள்ளி நின்றது, செடியும் நின்றுபோனது. பிடுங்கினால் எல்லாம் பருப்பில்லாத பொக்கு. அடுத்த விதைப்புக்குக்கூடத் தேறவில்லை.

வேளாண்மை ஆபீஸ் சாமிதுரை வந்து பார்த்தார். "இலைதாம்மா வெயில வாங்கி செடிக்கு சோறாக்குது. மருந்த இப்படி மெத்துனா அந்த அடுப்பே அணைஞ்சிடும்."

செடியோடு கடைக்குப் போனோம்.

"கப்புக்குப் பூசுற கை செடிக்கும் பூசிடுச்சா? அடுத்த தபா சூளையில வெச்சி சுட்டுடு!" என்றான். நின்றவர்கள் சிரித்தார்கள்.

"நீ அளவு சொல்லியிருந்தா நான் ஏன்டா விரல வுடறேன்?"

அவன் அடுத்த ஆளிடம் அதே பொட்டலத்தை நீட்டி, "கெட்டியா கலக்குங்க" என்றான். இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. கேட்டு வந்த பொம்பளையைச் சிரிப்பாய்ச் சிரிக்க வைத்துவிட்டு, அதையே இன்னொரு குடும்பத்துக்கு விற்க எப்படிக் கை வருகிறது?

குறையைச் சீட்டில் எழுதிக் கட்டினால் சாமி கேட்கும் என்று கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டப் போனோம். அஞ்சாவது படித்த நான்தான் எழுதினேன்.

"கை கால் வெளங்காம போவணும்னு எழுதட்டுமாக்கா?"

"சீ, வாணாம். அளவு சொல்லி விக்கணும். அத மட்டும் எழுது."

மனசில்லாமல் அப்படியே எழுதிக் கட்டினோம்.

விதையில்லை, அந்தப் பட்டம் நிலம் தரிசாய்க் கிடந்தது. பட்டறைக் கூலி மட்டும் பத்தாமல், அக்கா தன் மகளைக் கூட்டிக்கொண்டு திருப்பூர் பனியன் கம்பெனி வேலைக்குக் கிளம்பியது. பஸ்ஸு நகரும்போது ஜன்னல் வழியே என் கையைப் பிடித்துக்கொண்டது.

"சாமி பாத்துக்கும்னு நீ சும்மா இருந்துடாத ராஜாம்பா. நான் ஒருவாட்டி கேட்டுட்டு வுட்டுட்டேன். அந்தக் கடையில யாரு மருந்து வாங்குனாலும், அளவு சொல்ற வரைக்கும் நகராதன்னு சொல்லு."