மருந்தடிக்காத பாவற்காய்

சிட்னியில், டூங்கபியில் வீடு பார்க்கப் போனபோது என் மனைவி நிரஞ்சினி குசினியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேரே பின்வளவுக்குப் போய், வேலியோரம் எவ்வளவு நேரம் வெயில் விழும் என்று ஏஜெண்டைக் கேட்டாள். அதற்கு முன் ஹோம்புஷ் பிளாட்டின் பல்கனியில், வாளிகளில் மிளகாய் நட்டவள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் பகல் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வந்தாலும், சப்பாத்தைக் கழற்றாமலே பாவற்பந்தலுக்குப் போய்விடுவாள்.

அவளுடைய பாவற்காய்க்குத் தெரிந்தவர்களிடையே பெரிய பெயர். கேற்றைத் திறக்கும்போதே எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "மருந்தடிச்சதோ?" அவள் "இல்லை" என்று சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டும், பட்டம் வாங்கியவள் தோற்றுப்போவாள்.

இந்தக் கோடை முழுக்க மழை. இலைகளில் மஞ்சள் புள்ளி விழுந்தது. திருப்பிப் பார்த்தால் சாம்பல் நிறப் பூஞ்சணம். நோய் பிடித்த இலைகளைக் கிள்ளிச் சிவப்பு மூடிக் குப்பைத் தொட்டியில் போட்டாள். காற்றுப் போகட்டும் என்று நெருக்கமான கொடிகளை வெட்டினாள். யாரோ சொன்னார்கள் என்று பாலைத் தண்ணீரில் கலந்து தெளித்தாள். எனக்குத் தேத்தண்ணிக்குப் பால் இல்லாமல் போனதுதான் மிச்சம். செம்பு மருந்து அடித்தால் மிஞ்சிய இலைகளையாவது காப்பாற்றலாம் என்று கடையில் சொன்னார்கள். நான் வாங்கி வந்த போத்தலை அவள் கராஜில் ஒளித்துவைத்தாள்.

"சனத்துக்கு என்ன சொல்லுறது?"

"பாவல் செத்துப்போச்சு எண்டு சொல்லு!" என்றேன்.

அவள் பந்தலுக்குக் கீழே குந்தியிருந்து அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்டவர்கள் தின்பதற்கு இவள் ஏன் அழ வேண்டும்?

ஒரு சனிக்கிழமை மழை விட்டிருந்தது. அடுத்த தெரு மகாதேவன் அங்கிள் பையோடு வந்தார். சீனி வருத்தக்காரர், பல வருஷ நீரிழிவு.

"மருந்தடிக்கேல்லைத்தானே, பிள்ளை?"

"இல்லை, அங்கிள்."

"நல்லது. நான் டொக்டர் தந்த குளிசையையும் விட்டிட்டன். காலமையில உன்ர பாவற்காய்ச் சாறு மட்டுந்தான்."

நிரஞ்சினி அவர் காலைப் பார்த்தாள். பெருவிரலில் கட்டுப் போட்டிருந்தது.

"உது என்ன?"

"சின்னக் காயம். ஆறுதில்லை."

அவள் கராஜுக்குப் போனாள். கையுறை மாட்டி, மருந்தைக் கலந்து, அவர் கண்முன்னாலேயே பந்தல் முழுக்க அடிக்கத் தொடங்கினாள்.

"ஐயோ, என்ன பிள்ளை செய்யிறாய்?"

"நோய் வந்தா மருந்து வேணும், அங்கிள். நான் பிந்தீட்டன். நீங்கள் பிந்தாதேங்கோ. இண்டைக்கே டொக்டரிட்டப் போங்கோ."

வெறும் பையோடு கேற் வரை போனவர் திரும்பி நின்றார்.

"குளிசை போட்டா, பிறகு பாவற்காய் தருவியோ?"

"காய்ச்சா தருவன்," என்றாள். "கறிக்கு."