பைகளைச் சோதித்த நாள்

எனக்கு முன்கோபம் அதிகம். ஏற்காட்டுப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த முதல் வருடமே பிள்ளைகள் எனக்குப் போலீஸ் டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதில் எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

அந்தத் திங்கட்கிழமை காலை, பெண்கள் கழிப்பறைக்குப் பின்னால் ஒரு சின்ன டப்பா கிடந்தது. உதட்டுக்குள் அடக்கிக்கொள்கிற குட்டிப் புகையிலைப் பொட்டலங்கள் வருகிற டப்பா. கையில் எடுத்ததும் பயந்துவிட்டேன். பயம் வந்தால் எனக்குக் கத்தத்தான் தெரியும். என் ஒன்பதாம் வகுப்புக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். "யார்கிட்ட இருந்தாலும் விசாரணையே கிடையாது. டிசியை வாங்கிட்டு எஸ்டேட்டுல காப்பிப்பழம் பறிக்கப் போயிருங்க" என்றேன். அங்கே பாதிப் பிள்ளைகளின் அம்மாக்கள் அந்த நேரம் காப்பிப்பழம்தான் பறித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒவ்வொரு பையாகக் கொட்டினேன். மூன்றாவது பெஞ்சில் செம்மநத்தம் கிராமத்துப் பெண் ஒருத்தி. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். "வாயைத் திற" என்றேன். அவள் தொண்டை ஏறி இறங்கியது. பிறகு திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை. அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டேன்.

கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, அவள் மேசைமேலேயே வாந்தி எடுத்தாள். முகம் வெளுத்துவிட்டது. அந்தக் குளிரிலும் சட்டை நனைகிற அளவுக்கு வியர்வை. எழுப்பி நிறுத்தினால் கால் நிற்கவில்லை. ஆட்டோ பிடித்தோம். அவள் பக்கத்தில் உட்காருகிற தோழி, தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ஒண்டிக்கடைச் சந்திப்பில் ஒரு சுற்றுலா பஸ் வழியை அடைத்து நின்றபோதுதான், அந்தத் தொண்டை அசைந்தது எனக்கு நினைவுக்கு வந்தது.

"என்ன சாப்பிட்டா? தோட்டத்துப் பூச்சிமருந்து ஏதாவதா?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்.

"எதையோ முழுங்கினா டாக்டர். என்னன்னு தெரியலை."

தோழியைப் பார்த்தோம். "எனக்குத் தெரியாதுங்க" என்றாள். தெரியும் என்பது அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. கட்டிலில் கிடந்தவளுக்குக் கண் செருகிக்கொண்டே போனது. நான் அந்தச் சின்னப் பெண்ணின் முன்னால் மண்டியிட்டேன்.

"சொல்லு கண்ணு. டிசியெல்லாம் கிடையாது. நான் சும்மா சொன்னேன்."

அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "டீச்சர், நீங்க வெளிய போங்க. டாக்டர்கிட்ட நான் சொல்றனுங்க."

வெளியே போய் நின்றேன். கதவைச் சாத்தினார்கள். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான்தான் கொன்றவள் என்று தோன்றியது. வராண்டாவில் ஒரு நர்ஸ் தண்ணீர் கொடுத்தார். டம்ளரை வாங்கிக்கொண்டு கதவையே பார்த்து நின்றேன்.

டாக்டர் வெளியே வந்தார். "மூணு புகையிலைப் பொட்டலத்தை வாய்க்குள்ள ஒளிச்சு வெச்சிருந்திருக்கா. அப்படியே முழுங்கிட்டா. வேற விஷம் எதுவும் இல்லை. நாளைக்கு வரைக்கும் பக்கத்துல வெச்சுப் பார்க்கணும்."

மதியம் செம்மநத்தத்துப் பெண்ணின் அம்மா எஸ்டேட்டிலிருந்து சேற்றுக் காலோடு ஓடி வந்தார். அவள் கண் விழித்திருந்தாள். அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ஏனுங்க டீச்சர், தக்க சமயத்துல கொண்டாந்து சேர்த்தீங்க. நீங்க மட்டும் இல்லீன்னா எம்புள்ள பொழச்சிருக்க மாட்டாளுங்க."

கட்டிலில் இருந்தவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பயந்துதான் உங்கள் மகள் அதை முழுங்கினாள் என்று நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லப் பயமாக இருந்தது.

"பரவாயில்லைங்க" என்றேன்.