பெரட்டுக் களத்தில் அப்பா

காலை ஐந்தே முக்கால். பள்ளி லோரிக்குக் காத்திருந்த நான், ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அப்பாவைப் பார்த்தேன். அவர்தான் கங்காணி. முந்தின நாள் கவாத்து வெட்டி, தேயிலைச் செடிகள் வெறும் குச்சியாக நின்ற மலைக்குக் கொழுந்தெடுக்க எல்லாரையும் போகச் சொன்னார்.

"கங்காணி காலையிலேயே ஏத்திட்டாரு லா!" என்றாள் ஒருத்தி. கூட்டம் சிரித்தது.

அப்பா கள்ளை விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. ஆனால் அம்மாவே நம்பவில்லை. "தொர பாக்கறதுக்குள்ள வந்து படுங்க" என்று இழுத்துப்போய், போதை தெளியத் தலையில் எலுமிச்சம்பழம் தேய்த்தாள். நான் பள்ளிக்குப் போகவில்லை. அடிக்கடி கதவைத் திறந்து பார்த்தேன். தூங்கிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் எழுப்பியும் எழவில்லை. தோட்டத்து மருந்தகத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெஸ்ஸரைக் கூட்டி வந்தோம். அவர் அப்பாவின் வாயை முகர்ந்து, இமையைத் தூக்கிக் கண்ணின் மஞ்சளைக் காட்டினார்.

"இது குடி இல்லம்மா. ஈரல் கெட்டுப்போனா ரத்தத்துல இருக்கிற அழுக்கு மூளைக்கு ஏறிடும். நேத்தே கொண்டாந்திருக்கணும்."

டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா நடந்துதான் திரும்பினார். ஆனால் எந்த மலைக்கு யாரை அனுப்புவது என்று அவரால் யோசிக்க முடியவில்லை. துரை வேறு கங்காணியைப் போட்டார். அந்த மாதமே அம்மா கொழுந்தெடுக்கப் பெயர் கொடுத்தாள்.