நான் வரையாத வாசல்

மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்தது இது. அப்போது நாங்கள் நீடாமங்கலத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் குடியிருந்தோம். என் கணவருக்கு ரயில்வேயில் வேலை. எனக்கு அங்கிருந்த மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் டீச்சர் உத்தியோகம். என் பெண்ணுக்கு எட்டு மாதம். அவள் தும்மினாலே பயந்து வைத்தியரிடம் ஓடுவேன். எதையும் ஒன்றுக்கு மூன்று தடவை யோசித்துத்தான் செய்வேன். அப்படி யோசித்துக்கொண்டே இருந்ததில் வந்த வினைதான் இது.

ஊர்க் கோயில் மிகப் பழையது. சிலுவை வடிவத்தில் கட்டியது. நடுவில் நீண்ட கூடம், தெற்கிலும் வடக்கிலும் இரண்டு கைகள் மாதிரி சின்னக் கூடங்கள். சுவர் இரண்டு முழ அகலம். சித்திரை வெயிலிலும் உள்ளே போனால் ஜில்லென்று இருக்கும். அந்த வருஷத் திருவிழாவுக்கு ஒரு மலர் போடலாம் என்று பங்குச் சாமியார் முடிவு செய்து, "கோயிலோட அமைப்பையும் சரித்திரத்தையும் நீதாம்மா எழுதணும். ஒரு வரைபடமும் போட்டுடு" என்றார். படித்த பெண் என்று என்னை நம்பிச் சொன்னது எனக்குப் பெருமையாக இருந்தது.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கயிறு பிடித்து அளந்தேன். கயிற்றின் மறுமுனையைப் பிடித்தது என் வீட்டில் பாத்திரம் தேய்த்து, பிள்ளையையும் பார்த்துக்கொண்ட அம்மாள். கோயிலுக்கு வடக்கே இருந்த தெருவைச் சேர்ந்தவர், வயல் வேலை இல்லாத நாளில் என் வீட்டுக்கு வருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவரை நான் 'வா, போ' என்றுதான் கூப்பிட்டேன். ஊர் வழக்கம் அது. பூதலூரில் என் பிறந்த வீட்டிலும் அதுதான் வழக்கம்.

நடுக்கூடத்தையும் தெற்குக் கையையும் ஒழுங்காக அளந்தேன். வடக்குக் கையில் பெரிய சப்பரத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் வடக்குத் தெரு ஜனங்கள்தான் உட்காருவார்கள். அங்கே நான் உட்கார்ந்ததும் இல்லை, அதன் வெளிப்புறம் சுற்றிப் போனதும் இல்லை. குழந்தை வேறு சிணுங்க ஆரம்பித்தாள். இரண்டு கையும் ஒன்றுபோலத்தானே இருக்கும் என்று தாளை நடுவில் மடித்தேன். தையல் வகுப்பில் பூ வேலைக்குச் செய்வதுபோல ஊசியால் குத்தி, தெற்குப் பாதியை அப்படியே வடக்கில் படியெடுத்துவிட்டேன். தெற்கில் ஜன்னல் இருந்த இடத்தில் வடக்கிலும் ஒரு ஜன்னல் விழுந்தது. மலர் அச்சாகி வந்தபோது எல்லோரும் படத்தைப் பாராட்டினார்கள்.

புரட்டாசியில் குறுவை அறுப்புக்குக் கூலி உயர்த்திக் கேட்டு வடக்குத் தெருக்காரர்கள் வேலைக்குப் போகவில்லை. செங்கொடி ஊர்வலம் போனது. போலீஸ் வந்தது. குடியிருக்கும் மனை அவரவருக்கே சொந்தம் என்று அரசாங்கம் சட்டம் போட்டிருந்த சமயம். அதிலும் மிராசுதாருக்குக் கோபம். அவர் புதிதாகக் கரை வேட்டிக்கு மாறியவர். எங்கள் பங்கின் பெரிய மனிதர், நாங்கள் குடியிருந்த வீட்டுக்கும் அவர்தான் சொந்தக்காரர். அறுப்பு முடிந்த கையோடு, வடக்குத் தெருவிலிருந்து கோயில் சுவரை ஒட்டி ரோட்டுக்கு வரும் பாதையில் கருவேல முள்ளை வெட்டிப்போட்டு அடைத்துவிட்டார். அது தன் வயல், அங்கே பாதையே இருந்ததில்லை என்றார். அந்தத் தெருவுக்கு வேறு வழி கிடையாது. சேற்றில் இறங்கித்தான் வர வேண்டும்.

தாலுக்காவிலிருந்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர், ஆர்.ஐ., விசாரணைக்கு வருகிறார் என்ற செய்தி வந்த அன்று, அந்த அம்மாள் என் வீட்டு வாசலில் முழங்கால் வரை சேற்றோடு நின்றார்.

"டீச்சரம்மா, படத்துல வடக்கால ஜன்னல் போட்டிருக்கீங்களாமே? அங்க ஏதும்மா ஜன்னல்? அது வாசலும்மா."

"வாசலா? நான் பார்த்ததே இல்லையே."

"நீங்க எங்க அந்தப் பக்கம் வந்தீங்க? இப்ப வாங்க, காட்டறேன்."

போனேன். முள்ளை விலக்கிக்கொண்டு சுவரோரம் நடந்தோம். ஒரு முழு வாசல். பாதி உயரத்துக்குச் செங்கல் வைத்து அடைத்து, மேலே பலகை அடித்திருந்தார்கள். கீழே கருங்கல் படி, நடுவில் உரல் குழி மாதிரி தேய்ந்து கிடந்தது. பக்கத்துச் சுவரில் தீர்த்தத்துக்கு ஒரு தனிக் கல் தொட்டி.

"எங்களுக்குன்னு வச்ச வாசல் இது. உள்ள குறுக்கால மரக் கிராதி நட்டிருந்துச்சு. அந்தக் கிராதி தாண்டி நாங்க வரக்கூடாது. அப்புறம் மேலேருந்து உத்தரவு வந்து கிராதிய எடுத்துட்டாங்க. பெரிய வாசல் வழியாவே எல்லாரும் வரலாம்னு இத அடைச்சாங்க. நல்லதுதான். ஆனா வாசல் இருந்துச்சுன்னு படத்துல இருந்தாத்தானே பாதை இருந்துச்சுன்னு ஆபீசரு நம்புவாரு?"

வடக்குக் கையின் ஓரத்தில், கல் தரையில் வரிசையாகச் சதுரக் குழிகள் இருந்ததைக் கவனித்திருந்தேன். பழைய காலத்து அலங்காரம் என்று மலரில் எழுதியிருந்தேன். அவை அந்தக் கிராதியின் கால்கள் நின்ற குழிகள். அங்கேயே நின்று கூசிப்போனேன்.

விசாரணை மறுநாள் காலை, கோயில் பூவரச மரத்தடியில். மிராசுதார் மலரை விரித்து ஆர்.ஐ.யிடம் நீட்டினார்.

"பாருங்க சார், படிச்ச பொண்ணு அளந்து வரைஞ்சது. வடக்கால ஜன்னல்தான். ஜன்னலுக்கு யாராவது பாதை போடுவாங்களா?"

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். சாமியார் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். ஆர்.ஐ. என் பக்கம் திரும்பினார்.

"அளந்துதானே வரைஞ்சீங்க?"

மிராசுதாரின் வீடு, பள்ளிக்கூட வேலை, இடுப்பில் இருந்த குழந்தை, எல்லாம் ஒரே நொடியில் கண்முன் வந்து நின்றது. நான் சொன்னேன்: "அளந்தேன் சார்."

பொய் இல்லை. தெற்கே அளந்தேன்தான். ஆர்.ஐ. அதைக் குறித்துக்கொண்டு, வடக்குச் சுவரைப் போய்ப் பார்க்காமலே கிளம்பினார். அந்த அம்மாள் கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தார். அதற்குப் பிறகு என் வீட்டு வேலைக்கும் வரவில்லை.

ராத்திரி கணவரிடம் சொன்னேன். "அவசரப்படாதே. குழந்தைய வச்சுக்கிட்டு வேற வீடு எங்க தேடறது? பொறுத்துப் பாக்கலாம்" என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. சாமியாரிடம் தனியாகச் சொல்லலாம், ஒரு கடிதம் எழுதலாம், விசாரணை முடிவு வரட்டும் என்று ஒவ்வொரு நாளும் ஒரு யோசனை. கடிதத்தை இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். இப்படிப் பத்து நாள் போயிற்று.

பதினோராம் நாள் அந்த அம்மாளின் மாமனார் இறந்துபோனார். ஐப்பசி அடைமழை. பூசைக்குச் சவப்பெட்டியைக் கோயிலுக்குக் கொண்டுவர வேண்டும். பாதையில் முள். புதிதாக நட்ட வயலில் முழங்கால் ஆழத் தண்ணீர். நான் கோயில் தாழ்வாரத்தில் குழந்தையோடு நின்று பார்த்தேன். ஆறு பேர் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு சேற்றில் வந்தார்கள். மிராசுதாரின் ஆள் வரப்பில் நின்று, "நாத்த மிதிக்காதீங்கடா, நாத்த மிதிக்காதீங்க" என்று கத்தினான். முன்னால் பிடித்தவர் கால் வழுக்கியது. பெட்டியின் ஒரு முனை தண்ணீருக்குள் போயிற்று. பின்னால் வந்த பெண்கள் "ஐயோ" என்று அலறியது இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த அம்மாள் மட்டும் அலறவில்லை. ஓடிப்போய்ப் பெட்டியின் அடியில் தோளைக் கொடுத்துத் தூக்கினார்.

பூசை நடந்தது. பெட்டியிலிருந்து சேற்றுத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அது கல் தரையில் மெல்ல ஓடி, நான் அலங்காரம் என்று எழுதிய அந்தச் சதுரக் குழிகளில் ஒவ்வொன்றாக நிறைந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாலுக்கா ஆபீஸுக்குப் போனேன். போய்விட்டு வந்த பிறகுதான் கணவரிடம் சொன்னேன். "என் படம் தப்பு சார். வடக்கே நான் அளக்கவே இல்லை" என்று சொல்லி, புதுப் படம் வரைந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஆர்.ஐ. அதைப் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"இத அன்னிக்கே ஏம்மா சொல்லல?"

அவர் அன்றைக்கே வந்து படிக்கட்டைப் பார்த்தார். "கல்லு இவ்வளவு தேஞ்சிருக்குன்னா, எத்தனை காலு நடந்திருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். கார்த்திகைக்குள் முள்ளை எடுத்துப் பாதையைத் திறந்துவிட்டார்கள். மிராசுதார் எங்களை வீட்டைக் காலி செய்யச் சொன்னார். நீடாமங்கலத்தில் ஒரு சின்ன வீடு கிடைத்தது. நான் பயந்ததுபோல உலகம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

புறப்படும் முன் அந்த அம்மாளைப் பார்க்கப் போனேன். திறந்த பாதையில்தான் நடந்து போனேன். மன்னிப்புக் கேட்க நினைத்து, "அன்னிக்கே சொல்லியிருக்கணுங்க" என்றேன். அவர் என் குழந்தையைப் பார்த்தார்.

"வழி விட்டாச்சு. புள்ள வெயில்ல நிக்குது பாருங்க, போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கோபமா, மன்னிப்பா, எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் கேட்க எனக்கு உரிமை இல்லை. உண்மையை நீ மறைக்கவில்லை, கொஞ்சம் தள்ளித்தானே வைத்தாய் என்று என் மனசு இன்றும் எனக்குச் சமாதானம் சொல்லப் பார்க்கிறது. ஆனால் நான் தள்ளி வைத்த நாட்களுக்குள் ஒரு மனிதரின் கடைசிப் பயணம் சேற்றில் நடந்து முடிந்துவிட்டது.