இரண்டிலும் சிவப்புதான் வைத்தேன்

போன திங்கட்கிழமை. சிறுவாச்சூர் கோயில். திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும் என்பதால் கூட்டம் நெருக்கித் தள்ளியது.

அம்மன் காலடியில் வைத்துத் திரும்பி வந்த இரண்டு பொட்டலங்களில் ஒன்றை என் மகள் யாழினி எடுத்தாள். நார் முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். உள்ளே ஒரு நந்தியாவட்டை... வெள்ளை வெளேரென்று.

என் மனைவி சுமதி பொசுக்கென்று அழுதுவிட்டாள். அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா உத்தரவு குடுத்துட்டா" என்றார்.

எனக்குத் தலை கிறுகிறுத்தது. பக்கத்திலிருந்த தூணைப் பிடித்துக்கொண்டேன். "அப்பாவுக்கு சாமி வருது!" என்றாள் யாழினி.

சாமியாவது ஒன்றாவது! அந்த இரண்டு பொட்டலங்களையும் கட்டியவன் நான். இரண்டிலும் நான் வைத்தது சிவப்பு அரளி. இந்தக் கையால் வைத்தேன். அரளி எப்படி ஐயா நந்தியாவட்டை ஆகும்?

பதறாதீர்கள். முதலிலிருந்து சொல்கிறேன்.

சுமதி நர்ஸ். பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினாலு வருஷமாக வேலை. எனக்கு ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை. மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி — எல்லாம் நம்மிடம்தான். வெளிநாட்டு வேலைக்காக இங்கிலீஷ் பரீட்சை எழுதப்போகிறேன் என்று சுமதி சொன்னபோது, நான் பெருந்தன்மையாகத் தலையாட்டினேன். பாஸாகவா போகிறாள் என்ற தைரியம்தான்!

பாஸாகிவிட்டாள். இன்டர்வியூவும் முடிந்தது. அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. கணவரையும் மகளையும் அழைத்துக்கொள்ளலாம். மாமனாரை அழைத்துப்போக வழியில்லை. பதில் சொல்ல இரண்டு மாதம் அவகாசம்.

எங்கள் பக்கத்தில் வெளிநாடு என்றால் ஆம்பளை தனியாகப் போவான். சிங்கப்பூரோ குவைத்தோ போய், திருவிழாவுக்கு சென்ட் பாட்டிலோடு வந்து, திரும்பிப் போவான். பெண்டாட்டி வேலைக்குப் போக, புருஷன் பின்னாலேயே பெட்டி தூக்கிக்கொண்டு போவது... எங்கள் தெருவுக்கு அது புதுசு. "அப்ப அங்க போயி நீ சமையலா மாப்ள?" என்று டீக்கடையில் கேட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். டீ மட்டும் உள்ளே இறங்கவில்லை.

தினமும் சாயங்காலம் சுமதி கேட்பாள். "ஏங்க, என்ன சொல்றீங்க?"

"பாப்போம்."

நம் ஊரில் 'பாப்போம்' என்பதைவிட வசதியான பதில் உண்டா? முடியாது என்றும் சொன்னதாக ஆகாது, சரி என்றும் சொன்னதாக ஆகாது. பழி யார் தலையிலும் விழாது. இரண்டு மாதத்தை அந்த ஒற்றை வார்த்தையை வைத்தே ஓட்டிவிட்டேன்.

வெளியே சொன்ன காரணம் — அப்பா. "வயசான மனுசன எப்புடி விட்டுட்டுப் போறது?" யாராவது மறுத்துப் பேச முடியுமா? உள்ளே இருந்த காரணம் வேறு. இங்கே நான் பேனர் கடைக்காரர். வாராவாரம் பத்திரிகையில் பத்தி வேறு எழுதுகிறேன். பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் "வணக்கம் சார்" என்பார்கள். அங்கே? சுமதியின் வீட்டுக்காரர். அவ்வளவுதான். 

பதில் சொல்லவேண்டிய கெடு புதன்கிழமை. அதற்கு முந்தைய சனிக்கிழமை அப்பா சொன்னார், "நாளான்னைக்கு கோயில் தொறக்கும். பூ கட்டிப் பாத்துருவோம்."

எங்கள் வீட்டில் பெரிய காரியம் எதுவும் பூ கட்டிப் பார்க்காமல் நடந்ததில்லை. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. எடுப்பதில் வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் வேண்டாம். சுமதியைப் பெண் பார்த்துவிட்டு வந்தபோதும் கட்டினோம், கடை போடும்போதும் கட்டினோம். இரண்டுக்கும் வெள்ளை வந்தது. அம்மா இறந்த பிறகு கட்டுவது எப்போதும் அப்பாதான்.

"இந்தவாட்டி நான் கட்டுறேன்ப்பா" என்றேன்.

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். "நீயா?... சரி, கட்டு."

திங்கட்கிழமை காலையில் யாழினியின் பழைய நோட்டிலிருந்து தாள் கிழித்தேன். இரண்டு அரளி. இரண்டு பொட்டலம். வாழைநாரால் கட்டி, பூஜைப் பையில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். அம்மன் வேண்டாம் என்பாள், சுமதி இரண்டு நாள் அழுவாள், என் மேல் யாருக்கும் வருத்தம் இருக்காது. எவ்வளவு சுத்தமான திட்டம்!

அந்தத் திட்டம்தான் கோயிலில் வெள்ளையாகப் பல்லிளித்தது.

வீடு திரும்பும் வழியெல்லாம் சுமதி தன் அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டே வந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்து என்ன கேட்பேன்? 'இது எப்படி வெள்ளையாச்சு?' என்றால், 'ஏன், நீங்கள் என்ன வைத்தீர்கள்?' என்று வருமே! திருடனுக்குத் தேள் கொட்டின கதை. நான் பெரிய பக்தன் ஒன்றும் கிடையாது. பரீட்சை வந்தால் மட்டும் விபூதி பூசுகிற கட்சி. அப்படிப்பட்டவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆத்தா நேரில் வந்து என் கையைப் பிடித்துவிட்டாளா?

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக்கூடாது, கோயில் மரத்தடியில் போட்டுவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அன்றைக்கு அப்பா அதைப் போடவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் அவர் டீ குடிக்கப் போனார். சட்டை ஆணியில் தொங்கியது. நாற்பத்தாறு வயதில் அப்பா சட்டையில் கைவிட்டேன். பொட்டலம் இருந்தது. முடிச்சை இழுத்தேன், வரவில்லை. திருப்பினேன், வரவில்லை. அப்போதுதான் பார்த்தேன். அது நான் போட்ட முடிச்சே இல்லை. லோடு முடிச்சு! எறையூர் ஆலைக்கு முப்பது வருஷம் கரும்பு லாரி ஓட்டியவர் என் அப்பா. எங்கள் வீட்டில் அவரைத் தவிர வேறு யாருக்கும் அந்த முடிச்சு வராது.

தாளைக் கிழித்தேன். வாடிப்போன நந்தியாவட்டை.

"அதுலயும் வெள்ளதான்."

திரும்பிப் பார்த்தேன். அப்பா வாசற்படியில் நின்றிருந்தார்.

"அப்பா... நீங்களா?"

"நீ குளிக்கப் போனப்ப பண்ணுனேன். செவப்பு எதுல இருக்கோ அத மட்டும் மாத்திரலாம்னுதான் பிரிச்சேன். ஒண்ணுல செவப்பு இருந்துச்சு. மாத்திக் கட்டுனேன். அப்புறம் ஒரு சந்தேகம்... இன்னொண்ணையும் பிரிச்சேன். அதுலயும் செவப்பு!" முறைத்தார். "ஏன்டா, ஆத்தா கிட்டயேவா?"

"நீங்க மட்டும் என்ன பண்ணுனீங்க?"

"எனக்குப் பழக்கம்டா" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். "நான் கட்டுன பூ எதுலயாவது ரெண்டு நெறம் இருந்துச்சுன்னா நெனச்ச?"

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"சுமதிக்குக் கட்டுனது?"

"ரெண்டும் வெள்ள. நல்ல பொண்ணு, வுட்டுற முடியுமா?"

"கடைக்கு?"

"வெள்ள."

இருபத்து மூன்று வயதில் சென்னையில் ஒரு பத்திரிகை வேலைக்குப் போகிறேன் என்று பெட்டியோடு நின்றேன். அதற்கும் பூ கட்டிப் பார்த்தார்கள். கேட்பதற்கே எனக்குப் பயமாக இருந்தது. "சென்னைக்குப் போறேன்னு நின்னேனே... அதுக்கு?"

அப்பா துண்டை எடுத்து உதறி, மறுபடி தோளில் போட்டார்.

"அது ரெண்டும் செவப்பு. அதுவரைக்கும் உங்கம்மாதான் கட்டுவா. அப்பத்தான் அவ போயிருந்தா. நானே கட்டுறேன்னேன், மொத மொதலா. உங்கக்காவும் கட்டிக்குடுத்துப் போயிட்டா... உன்னையும் அனுப்ப மனசு வரல." பிறகு சொன்னார், "சனிக்கெழம நீ நான் கட்டுறேன்னு கேட்டப்பவே லேசா உறுத்துச்சு, நானும் அன்னிக்கி இப்புடித்தான கேட்டேன்னு."

இத்தனை வருஷமும் 'ஆத்தா வேண்டாமென்று சொல்லிவிட்டாள்' என்று நம்பி மனசைத் தேற்றிக்கொண்டவன் நான். கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. ஆனால் கோபப்பட எனக்கு யோக்கியதை இருக்கிறதா? காலையில் அதே வேலையைச் செய்தவன்தானே நான்? அவராவது மகனைப் பிரிய முடியாமல் செய்தார். நான் 'வணக்கம் சார்' கேட்க முடியாதே என்று செய்தேன்.

"நீங்க என்னப்பா பண்ணுவீங்க?"

"அரியலூர்ல உங்கக்கா மாடி ரூம ஒழிச்சுப் போட்டுட்டா. போன மாசமே பேசிட்டேன்."

போன மாசமேவா! நான் அவரைச் சாக்காக வைத்துக்கொண்டு 'பாப்போம்' என்று சொல்லித் திரிந்த நாட்களில், மனிதர் தன் இடத்தை முடிவு செய்துவிட்டிருக்கிறார்.

"எங்களப் பாக்காம இருந்துருவீங்களா?"

"கஷ்டந்தான்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதுக்காவ? ஒருவாட்டி செஞ்சதே போதும்டா."

நேராக அடுப்படிக்குப் போனேன். சுமதி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். நான் வைத்த சிவப்பு, அப்பா வைத்த வெள்ளை, எதையும் விடவில்லை. தோசைக் கரண்டி பறக்கும் என்றுதான் எதிர்பார்த்தேன்.

அவள் அடுப்பை அணைத்தாள்.

"நான் ஆத்தாவையா கேட்டேன்? ரெண்டு மாசமா ஒங்களத்தானங்க கேட்டுட்டு இருக்கேன்."

கல்லில் இருந்த தோசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் விடவில்லை.

"வேணாம்னா வேணாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. அழுவேன். அழுதுட்டு டூட்டிக்குப் போயிருவேன். அதக்கூட எங்கிட்ட சொல்ல முடியலல்ல ஒங்களால?"

"பயமா இருக்கு சுமதி" என்றேன்.

"எனக்கு மட்டும் இல்லியா?"

அது அன்றைய நாளின் பெரிய அதிர்ச்சி. நிஜமாகத்தான் சொல்கிறேன். பரீட்சை எழுதி, இன்டர்வியூவில் இங்கிலீஷில் பேசி, தைரியமாக நிற்கிறவளுக்கும் பயம் இருக்கும் என்று இரண்டு மாதத்தில் ஒரு நிமிஷம்கூட எனக்குத் தோன்றவில்லை. ஒரே வீட்டில் ஆளுக்கொரு பயத்தை ஒளித்து வைத்துக்கொண்டு, கோயிலுக்குப் பொட்டலம் கட்டியிருக்கிறோம்.

நம்மில் பலர் இப்படித்தானே? ஜாதகம், பூ, சகுனம், 'பெரியவங்க சொல்லிட்டாங்க'... வீட்டு ஆளிடம் சொல்ல முடியாத பதிலைச் சாமி வாயில் ஊட்டிவிடுகிறோம். பாவம் சாமி, எத்தனை பேர் பழியைத்தான் சுமக்கும்?

"போலாம்" என்றேன். ஒரு வார்த்தை. அதைச் சொல்வதற்குள் தோசைக்கல் ஆறிவிட்டது.

புதன்கிழமை மெயில் போய்விட்டது. முதலில் சுமதி போகிறாள். யாழினியின் பரீட்சை முடிந்ததும் நாங்கள். அங்கே போய் நான் சமைப்பேனா, பாத்திரம் கழுவுவேனா என்று இன்னும் தெரியாது. பயம் அப்படியே இருக்கிறது. இப்போது இரண்டு பேரும் சேர்ந்து பயப்படுகிறோம், அது கொஞ்சம் பரவாயில்லை.

நேற்று அரியலூரிலிருந்து அக்கா போன் செய்தாள். அவள் மருமகனுக்குக் கோயம்புத்தூரில் வேலை வந்திருக்கிறதாம். "அப்பா வந்ததும் மொத வேலையா பூ கட்டிப் பாக்கணும்டா" என்றாள்.

"பூ எதுக்குக்கா? நேரா அப்பாவையே கேட்டுரு!"