பொன்னுத்தங்கத்தின் வெள்ளை மக்காச்சோளம்

பொன்னுத்தங்கத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. அதில் முப்பது வருஷம் பட்டாசுக்குப் போய்விட்டது. அச்சங்குளம் பக்கம் ஒரு கம்பெனியில் சரம் பின்னுகிறாள். எப்போது வேலை, எப்போது லீவு, எவ்வளவு ஆர்டர் என்பதையெல்லாம் யாரோ முடிவு செய்வார்கள். இவள் தூக்குவாளியோடு வேன் ஏறுவாள். அவளாக முடிவு செய்கிற சங்கதி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஊருக்குத் தெற்கே அரை ஏக்கர் கரிசலில் அவள் போடுகிற வெள்ளை மக்காச்சோளம்.

மஞ்சள் சோளமே வாங்குகிற கோழித் தீவனக்காரன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். ஆனால் அவித்தால் வாசம் தெருமுனை வரை போகும். ரெண்டு நல்ல மழை பெய்தால் போதும், கதிர் பிடித்துவிடும். இருபத்தாறு வருஷமாக விதைக்கென்று ஒரு கடைவாசலை மிதித்ததில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

விதைப்பு மட்டும் எப்போதும் பிந்தித்தான். தீபாவளி சீசன் முடியாமல் கம்பெனியில் லீவு கேட்க முடியாது. புரட்டாசியில் விதைத்த ஊர்க்காரர்கள் களை எடுத்து முடித்திருக்கும்போது இவள் அப்போதுதான் ஏர் பூட்டச் சொல்வாள். எல்லாரும் கேலி பேசினார்கள். அந்த ஒரு மாதத் தாமதம்தான் தன் சோளத்தைக் காத்துவந்தது என்பது அவளுக்கே தெரியாது.

போன வருஷம் ஆவணியில் ஆய்வு என்று வந்தவர்கள் கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். சும்மா இருக்க முடியாத கை. புரட்டாசி முதல் மழைக்கு, பக்கத்து வயல்காரன் ஒச்சப்பன் விதைத்த அன்றே இவளும் விதைத்தாள். விதை சேர்த்துவைக்கும் டிரம்மில் ஒரு மணி மிச்சம் வைக்காமல் விதைத்தாள். இந்தத் தடவை ஊரோடு சேர்ந்துவிட்டோம் என்று பெருமை வேறு. இரண்டு வயலும் ஒரே வாரத்தில் பூவெடுத்தன. வரப்பில் நடந்தால் பூத்தூள் தோளில் படிந்தது, தட்டிவிட்டுக்கொண்டு நடந்தாள்.

தை மாதம் கதிரை உரித்தபோது வெள்ளை மணிகளுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக மஞ்சள் தெரிந்தது. நாலு கதிரை எடுத்துக்கொண்டு நேராக ஒச்சப்பனிடம் போனாள்.

"நீ போட்டது என்ன விதை தம்பி?"

ஒச்சப்பன் தெருவை ஒரு தடவை பார்த்துக்கொண்டான். "ஒரு ஏவாரி குடுத்தாரு யக்கா. பாக்கெட்டுல பேரு இல்ல. களைக்கொல்லி அடிச்சா களை மட்டும் சாகும், பயிரு அப்படியே நிக்கும்னாரு. அதே மாதிரி நின்னுச்சு. வெளிய சொல்லிறாதீக, அனுமதி இல்லாத விதைங்கிறாக."

"அதோட பூத்தூளு எம்புட்டு தூரம் வரும்?"

"காத்துக்கு நான் என்னத்தக் கண்டேன்?"

கம்பெனியில் ஒரு அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே ஏன் அத்தனை இடம் விட்டிருக்கிறது என்று பொன்னுத்தங்கத்துக்கு நன்றாகத் தெரியும். ஒன்றில் தீப்பிடித்தால் மற்றதற்குத் தாவக் கூடாது. இங்கே இருந்தது ஒற்றை வரப்பு. மற்ற வருஷங்களில் அவன் வயலில் பூ உதிர்ந்த பிறகுதான் இவளுடையது பூக்கும், இந்தத் தடவை அந்த இடைவெளியும் இல்லை.

அதற்குள் கம்பெனி திறந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வெயிலில் உட்கார்ந்து மஞ்சள் மணிகளைப் பொறுக்கினாள். அழுத்தமான மஞ்சள் சுலபம். வெள்ளையா வெளிர்மஞ்சளா என்று சொல்ல முடியாததுதான் உயிரை எடுத்தது. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள், மாட்டிப் பார்த்தாள். பொறுக்கி முடித்த பிறகும் தூக்கம் வரவில்லை.

"கண்ண நம்பாதீக யக்கா" என்றான் ஒச்சப்பன். அவனுக்கும் மனசு உறுத்தியிருக்க வேண்டும். "பொறுக்குனதுல அம்பது மணிய முளைக்கப் போட்டு, அந்தக் களைக்கொல்லியவே அடிச்சுப் பாருங்க. உங்க சோளம்னா செத்துப்போகும். எங்களது கலந்திருந்தா சாகாது."

பழைய பேசினில் மண் நிரப்பி ஐம்பது மணி ஊன்றினாள். ஐம்பதும் முளைத்தன. ஒரு சாண் வளர்ந்ததும் ஒச்சப்பன் கலக்கிக் கொடுத்த மருந்தைத் தன் கையாலேயே தெளித்தாள். வேலைக்குப் போகிற வழியில் காளியம்மன் கோயில் வாசலில் நின்று, எல்லாம் சாகணும் தாயே என்று வேண்டிக்கொண்டாள். வேண்டிய பிறகு வாயெல்லாம் கசந்தது.

பத்தாம் நாள் காலையில் நாற்பத்தேழு கருகிக் கிடந்தன. மூன்று பச்சையாக நின்றன.

பச்சைப் பயிரைப் பார்த்து அவளுக்குப் பயம் வந்தது அன்றைக்குத்தான். பேசின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். ஐம்பதில் மூன்று. டிரம்மில் எத்தனை இருக்கும்? எது எதுவென்று யார் சொல்வது?

அந்த ஞாயிற்றுக்கிழமை விஸ்வநத்தத்திலிருந்து சண்முகத்தாய் வந்தாள். முன்பு இவள் பக்கத்தில் உட்கார்ந்து சரம் பின்னியவள். விதை தருவதாகப் பொங்கலுக்கே சொல்லியிருந்தாள் பொன்னுத்தங்கம்.

"விதைய எடுத்து வச்சிருப்பீகன்னு வந்தேன் மதினி."

"இரு, காப்பி போடுதேன்" என்று அடுப்படிக்குள் போய்விட்டாள். சொல்லாமல் கொடுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? நாற்பத்தேழு நல்லதுதானே. இருபத்தாறு வருஷத்து விதையைக் கெடுத்தவள் என்று தன் வாயாலேயே எப்படிச் சொல்வது? பால் பொங்கி வழிந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

டம்ளரோடு வெளியே வந்தபோது சண்முகத்தாய் டிரம்மின் மூடியைத் திறந்திருந்தாள். எதையோ பொத்திப் பிடித்த அவள் கை டிரம்முக்கு மேலே இருந்தது. விதை வாங்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. தங்களிடம் இருக்கிற விதையில் ஒரு கை அள்ளி வந்து இவள் டிரம்மில் போட்டுவிட்டுத்தான் எடுப்பார்கள். அவர்களுக்குள் அப்படி ஒரு முறை.

"போன வருஷம் நீங்க குடுத்ததுல மிச்சம் மதினி. எங்க பக்கம் மழை ஏமாத்திருச்சு, பாதிதான் போட்டேன்" என்று சண்முகத்தாய் விரலைப் பிரிக்கப் போனாள்.

டம்ளர் கீழே விழுந்தது. பொன்னுத்தங்கம் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"போடாத. கையத் தொறக்காத."

"என்ன மதினி, என்ன ஆச்சு?"

"இந்த டிரம்முல இருக்கது விதை இல்ல, சண்முகத்தாயி. அவிச்சுத் திங்கத்தான் ஆகும். இந்த வீட்டுல விதை இப்ப உன் கையில இருக்கது மட்டுந்தான்."

பிடித்த கையை விடாமலே அவளை உள்ளே கூட்டிப்போய், உலர்ந்த உழக்கு ஒன்றை எடுத்து அந்தக் கைக்குக் கீழே வைத்தாள். சண்முகத்தாய் விரலைப் பிரித்தாள். உழக்கில் பாதிகூட நிறையவில்லை.

"இனிமே கம்பெனியப் பூட்டினாலும் சரி," என்றாள் பொன்னுத்தங்கம், "தீவாளி கழிச்சுத்தான் போடணும்."